நியூட்ரானுக்கு யார் சாட்சி?

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துச் சிறுவன் ஒருவன் 2018 ஜனவரியில், தன் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குச் சில மணி நேரம் முன்பு, வீட்டிலேயே அணுக்கரு இணைவை நடத்திவிட்டதாகச் சொன்னான். அதுவரை விளையாட்டு அறையாக இருந்த இடம்தான் அவனுடைய ஆய்வுக்கூடம். இதே வேலையில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருந்த மூத்த ஆர்வலர்கள் அவனை உடனே தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. அவன் சொன்ன அளவீடுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில்தான் சாதித்தவர்கள் வரிசையில் அவனுக்கு இடம் கிடைத்தது.

ஒரு பிள்ளையின் சொல்லை ஏற்க ஓராண்டா என்று சிலருக்கு மனம் கசக்கும். ஆனால் அந்த ஓராண்டுக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடந்தது என்று ஒருவர் சொல்கிறார். கேட்பவர் அந்த இடத்தில் இல்லை. அந்தச் சொல்லை எதை வைத்து ஏற்பது, எதை வைத்துத் தள்ளுவது? கடவுளைக் கண்டதாகச் சொன்னவர்களின் முன்னால் நின்று மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. கார் ஷெட்டிலும் நிலவறையிலும், இணைவின் அடையாளமான நியூட்ரானைத் தேடுகிறவர்கள் இதற்குத் தங்கள் பழக்கத்தாலேயே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சமயம் பேசுகிறவர்களும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பதில் அது.

முதலில் கருவி. மேசைமேல் வைக்கக்கூடிய எஃகுக் கலம் ஒன்று. உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து வெளியேற்றிவிட்டு, டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜனை மிகமிகக் கொஞ்சமாக விடுகிறார்கள். நடுவில் கம்பியால் வளைத்த சிறு கூண்டு. அதற்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் எதிர்மின் அழுத்தம் கொடுத்தால் டியூட்டீரியம் அயனிகள் எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கிப் பாய்கின்றன. அநேகமாக எல்லாமே ஒன்றையொன்று தவறவிட்டுப் போய்விடும். மிகச் சில மோதி இணையும். இணைந்தவற்றில் ஏறத்தாழப் பாதி ஹீலியம்-3 ஆகி, ஒரு நியூட்ரானை வெளியே தள்ளும். மீதிப் பாதி டிரிட்டியமும் புரோட்டானும் ஆகும். கருவியின் பெயர் ஃபியூசர்.

இதை உருவாக்கியவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த். 1927இல் சான் பிரான்சிஸ்கோவில் முழுக்க மின்னணு முறையில் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பிக் காட்டிய அதே மனிதர். 1960களில், இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில், ஐடிடி நிறுவனத்தில் இருந்தபோது ஃபியூசரில் உழைத்தார். 1966இல் காப்புரிமை வந்தது. அவரோடு வேலை செய்த ராபர்ட் ஹிர்ஷ் 1967இல் அதன் முடிவுகளை ஆய்விதழில் வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்க அரசின் இணைவுத் திட்டத்துக்கே தலைமை ஏற்றார். மின்சாரம் தயாரிக்க ஃபியூசரால் ஆகாது என்பது விரைவிலேயே தெளிவாகிவிட்டது. நிறுவனம் கைவிட்ட அந்தக் கருவியை 1990களின் இறுதியில் தனிமனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபியூசர் இயங்கும்போது கூண்டுக்குள் ஊதா ஒளி திரண்டு நிற்கும். பார்க்கிறவர் மனம் அதில் மயங்கிவிடும். ஜாடிக்குள் ஒரு நட்சத்திரம் என்றே அதை அழைக்கிறார்கள். ஆனால் அந்த ஒளி எதற்கும் சான்றாகாது. டியூட்டீரியத்துக்குப் பதில் கலத்தில் மிஞ்சிய வெறும் காற்று இருந்தாலும் அது ஒளிரும். கண்ணுக்குத் தெரிவது இணைவு ஆகாது. இணைவு நடந்தால் கிளம்புகிற நியூட்ரான் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் சேர வருகிறவர் கற்கும் முதல் பாடம் இதுதான். காற்றில் ஒளி வரவைத்ததைச் செயல்விளக்கம் என்று மட்டுமே சொல்வார்கள். அதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல விடுவதுமில்லை.

நியூட்ரான் அறிவியலுக்குள் வந்த கதையிலும் இதே சிக்கல் உண்டு. 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும், பெரிலியத்திலிருந்து வந்த மர்மக் கதிர்கள் பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்துத் தள்ளுவதைக் கண்டார்கள். வந்தது காமாக் கதிர் என்று முடிவுகட்டினார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் அதைப் படித்துவிட்டு, காமாக் கதிருக்கு அவ்வளவு வலு வராது என்று சந்தேகப்பட்டார். தானே சோதித்து, மின்னூட்டமில்லாத கனமான துகள் ஒன்றுதான் இதைச் செய்கிறது என்று பிப்ரவரியில் அறிவித்தார். இரு பக்கமும் கண்டது ஒன்றே. கருதியது வேறு.

காண்டல், கருதல் என்ற இந்தப் பிரிவு தமிழில் பழையது. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும்போது, அறிவதற்கான அளவைகள் இரண்டே என்கிற பௌத்த நிலையை எடுத்துச் சொல்கிறார்: காண்பது, கண்டதிலிருந்து கருதுவது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது இரண்டாவது வகை. அதற்கு எடுத்துக்காட்டு, புகையையும் நெருப்பையும் சேர்த்தே கண்ட அடுக்களை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளைப் பேசுகிறார். அவருக்கு மூன்றாவது ஒன்றும் வேண்டியிருக்கிறது: உரை. தகுந்தவர் சொன்ன சொல், ஆகமம். சொல்லைத் தனி அளவையாக ஏற்கலாமா, அல்லது சொன்னவரின் தகுதியை வைத்து நாம் செய்யும் கருதலில் அதுவும் அடங்குமா என்பதில் பௌத்தரும் சைவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

ஃபியூசர்க்காரர்கள் கருதலில் காட்டுகிற கண்டிப்பு வியப்பூட்டும். நியூட்ரான் எண்ணும் குழாய் டிக் டிக் என்று அடித்தால் போதாது. அருகில் பல்லாயிரம் வோல்ட்டில் ஒரு பொறி பறந்தாலே குழாய் ஏமாந்து எண்ணிவிடும். எக்ஸ் கதிர் பட்டாலும் எண்ணக்கூடும். அதனால் குமிழிமானி வைக்கச் சொல்கிறார்கள். அதன் கூழுக்குள் நுண்துளிகள் இருக்கின்றன; நியூட்ரான் பட்டால் துளி குமிழாகும், எக்ஸ் கதிருக்கு அசையாது. இன்னும் நல்ல வழியும் உண்டு. சாட்விக் கையாண்ட அதே பாரஃபின் மெழுகைக் கொண்டு நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து, இண்டியத் தகட்டில் விழவிடுவது. தகட்டில் கதிரியக்கம் ஏறும். பிறகு கருவியை முழுக்க நிறுத்திவிடலாம். பொறி இல்லை, வோல்ட் இல்லை, ஏமாற்ற ஒன்றும் இல்லை. தகடு மட்டும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். ஐம்பத்து நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்தால், நியூட்ரானை விழுங்கிய இண்டியம்தான் அது. கூடவே எதிர்மறைச் சோதனை: அதே வோல்ட், அதே அழுத்தம், டியூட்டீரியத்துக்குப் பதில் சாதாரண ஹைட்ரஜன். எண்ணிக்கை விழ வேண்டும். புகை இருக்குமிடத்தில் நெருப்பு என்றால் போதாது, நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இருக்கக் கூடாது என்ற பழைய தருக்க நிபந்தனையேதான் இது.

இந்தக் கண்டிப்பு வீம்புக்காக வந்ததில்லை. 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வுக்கூடம் தன் ஸீட்டா இணைவு இயந்திரத்தின் நியூட்ரான்களை உலகுக்கு அறிவித்தது. நோபல் பரிசு பெற்ற ஜான் காக்ராஃப்ட், அவை வெப்ப இணைவிலிருந்து வந்தவை என்பதில் தொண்ணூறு சதவீதம் உறுதி என்றார். நாளிதழ்கள் கொண்டாடின. மே மாதத்துக்குள் கூற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று: நியூட்ரான்கள் மெய், அவற்றின் காரணம் வேறு. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பான்ஸும் மார்ட்டின் ஃப்ளைஷ்மனும் அறை வெப்பநிலையிலேயே இணைவு என்று அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன அளவுக்கு வெப்பம், நாமறிந்த இணைவால் வந்திருந்தால், கூடவே வந்திருக்க வேண்டிய நியூட்ரான்கள் அந்த அறையில் இருந்தவர்களின் உயிரையே எடுத்திருக்கும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்துக் குழு ஒன்று நியூட்ரான்களைத் தாங்களும் கண்டதாக அறிவித்து, சில நாளிலேயே பின்வாங்கியது. அவர்களின் நியூட்ரான்மானி வெப்பத்துக்கும் எண்ணிக்கை காட்டியிருந்தது. இவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. கற்றவர்கள், உழைத்தவர்கள். தான் விரும்பும் முடிவுக்கு ஒருவர் தானே சாட்சி சொல்லும்போது, நேர்மை மட்டும் காவலாக இருந்துவிடாது என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

அப்படியானால் உரைக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, அதுவும் தலையான இடம். புதிதாக வருகிறவர் கருவியைத் தொடுமுன்பே மூத்தவர்களின் எச்சரிக்கைகளைக் கேட்டாக வேண்டும். முப்பதாயிரம் வோல்ட் இணைப்பைக் கை தவறித் தொட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் சாவு காத்திருக்கும். வோல்ட் ஏற ஏற எக்ஸ் கதிர் பார்வைக் கண்ணாடியைக் கடந்து வரும். நேரே கண்ணை வைக்காமல் கேமரா வழியாகப் பார்க்க வேண்டும். இவற்றை யாரும் காண்டலால் அறிய முயலக் கூடாது. முயன்றவர் திரும்பி வந்து சொல்ல இருக்கமாட்டார். இங்கே சொல்லே அளவை, சொல் மட்டுமே அளவை.

ஆக, ஒரு மூத்தவர் "தொடாதே" என்றால் பேச்சில்லாமல் ஏற்கிறார்கள். "நான் நியூட்ரான் கண்டேன்" என்று அவரே சொன்னாலும் தகட்டைக் கேட்கிறார்கள். முரண் போலத் தெரிகிற இந்த நடத்தைக்குள் ஆழமான நியாயம் இருக்கிறது. எச்சரிப்பவருக்கு அதில் ஆதாயம் ஒன்றுமில்லை. சாதனை சொல்பவருக்குப் பெயர் கிடைக்கிறது. ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், யார் என்று கேட்ட நியாயத் தருக்க மரபு, பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் என்று இலக்கணம் வகுத்தது. அறிந்தவராக இருந்தாலும், ஆசை நுழையும் இடத்தில் அந்த இரண்டாம் பாதி ஆட்டம் காணும். சொல்லின் எடை சொல்பவரின் பட்டத்தில் இல்லை. சொல்லும் பொருளில் அவருக்கு என்ன பங்கு என்பதில் இருக்கிறது.

ஃபார்ன்ஸ்வொர்த்தின் வாழ்க்கையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தொலைக்காட்சி யார் கண்டது என்று ஆர்சிஏ நிறுவனத்தோடு காப்புரிமைத் தகராறு வந்தபோது, ஐடஹோவின் ரிக்பி பள்ளியில் அவருக்கு வேதியியல் கற்பித்த ஜஸ்டின் டோல்மன் சாட்சி சொன்னார். 1922இல் அந்த மாணவன் கரும்பலகையில் விளக்கிய திட்டத்தை நினைவிலிருந்து வரைந்தும் காட்டினார். அந்த ஆசிரியருக்கு அதில் பணமோ புகழோ இல்லை. இறுதியில் ஃபார்ன்ஸ்வொர்த் பக்கம் தீர்ப்பு வந்தது.

ஃபார்ன்ஸ்வொர்த் பிறந்தது மார்மன் குடும்பத்தில். அந்தச் சமயத்தின் மறைநூல், மூவர் சாட்சியத்தையும் எண்மர் சாட்சியத்தையும் முகப்பிலேயே வைத்துத் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை கூட்டத்தில் எழுந்து நின்று தங்கள் நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வது அவர்களின் வழக்கம். அங்கே யாரும் இண்டியத் தகடு கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. தன் உள்ளத்தில் நிகழ்ந்ததை ஒருவர் சொல்லும்போது இரண்டாவது சாட்சிக்கு இடமில்லை. கேட்பவர் மதிப்போடு கேட்கலாம், தன் உள்ளத்தில் தேடலாம். தொல்லை பிறப்பது உள்ளத்துச் சொல் வெளியுலகைப் பற்றிய கூற்றாக மாறும்போது. இந்த நோய் தீரும், இந்த நாளில் உலகம் அழியும், இந்த மனிதர் காலில் விழு என்று அது பேசத் தொடங்கினால், வெளியே தடயம் கேட்கக் கேட்பவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பக்தியின் பெயரால் பறிக்கிற கூட்டம் எதுவானாலும், அதில் சேருகிறவர் தன் காண்டலையும் கருதலையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்.

ஃபியூசர்க்காரர்கள் படும் இத்தனை பாடும் எதற்கு? நன்றாக இயங்கும் ஒரு வீட்டு ஃபியூசர் நொடிக்குப் பத்து லட்சம் நியூட்ரான் தந்தாலும், இணைவில் வெளிப்படும் ஆற்றல் ஒரு வாட்டில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உள்ளே செலுத்தும் மின்சாரமோ நூற்றுக்கணக்கான வாட். இதைத் தெரிந்துகொண்டேதான் செய்கிறார்கள். உலகுக்கு மின்சாரம் தரப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவரை அந்தக் கூட்டம் மென்மையாகத் திருத்தும். 2008இல், பதினான்கு வயதில், நெவாடாவின் ரீனோ நகரில் இணைவை நடத்திய டெய்லர் வில்சன் அடுத்து இறங்கியது, துறைமுகச் சரக்குப் பெட்டிகளில் கடத்தப்படும் அணுப்பொருளைக் கண்டறியும் கருவி செய்வதில். ஆற்றலாகக் கிடைக்காதது அளக்கத் தெரிந்த கைகளாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இதைப் படித்துக் கை துறுதுறுக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் கதிர்வீச்சு உண்டாக்கும் கருவியை இயக்க 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி அனுமதி வேண்டும்; அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. கல்லூரி இயற்பியல் துறையின் துணையோடு, அனுமதியோடு, கற்ற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உயர் மின்னழுத்தம் பற்றி அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள்.