தீட்டுப்படாத காடு

முதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயர் விருத்தாசலமாக்கப்பட்டது பழங்கதை. அவ்வூருக்கு இன்று பீங்கானால் பெயர். அச்சிலே களிமண் குழம்பை வார்த்து, இறுகியதும் பிரித்தெடுத்து, ஓரம் சீவி, சூளையிலே சுட்டு, யானையென்றும் மானென்றும் அடுக்கி வைக்கின்றனர் உழைப்பாளர். அந்த மானை வாங்குபவர், "இது தானே முளைத்தது, மனிதக் கை பட்டதேயில்லை" என்பாரானால் நகைப்போம்.

ஆனால், ஆப்பிரிக்கப் புல்வெளியிலே விலங்கு காணச் செல்லும் சீமான்களிடம், "மனிதன் கால் படாத தூய இயற்கை" என்று கூறித்தான் பயணச் சீட்டு விற்கிறார்கள். அதை நாமும் நம்புகிறோம்!

செரங்கெட்டி என்பது, முடிவற்ற வெளி என்ற பொருளில் மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். ஆளில்லாத இடத்துக்கு அவர்கள் மொழியிலே பெயர் எப்படி வந்தது? அவர்கள் மாடு மேய்த்தனர். முற்றிய புல்லுக்குத் தீயிட்டுத் தளிரை வரவழைத்தனர். புதர் மண்டாமல் காத்தனர். அதே வெளியிலேதான் வரிக்குதிரை மேய்ந்தது, சிங்கம் உலவியது. சிங்கத்தைச் சுட்டுக் களித்தவர்கள் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள். 1951இல் அதைத் தேசியப் பூங்காவாக்கிய வெள்ளை ஆட்சி, 1959இல் வெளியேற்றியதோ மாடு மேய்த்தவர்களை! சுட்டவனுக்கு விருந்தினன் என்று பெயர், காத்தவனுக்கு அத்துமீறியவன் என்று பெயர். என்னே நீதி!

தூய்மை, தீட்டு என்ற சொற்கள் நமக்குப் புதியனவா? ஒருவன் நுழைந்தால் கருவறை கெடும் என்றவர்களைக் காரணம் கேட்டவர்கள் நாம். ஒருவன் வாழ்ந்தால் காடு கெடும் என்பவர்களையும் கேட்கத்தானே வேண்டும்?

கடல் கடந்து போகவும் வேண்டாம். முதுமலை 1940இல் சரணாலயமாயிற்று; 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழ்ந்த காடு அது. தெப்பக்காட்டு முகாமிலே தாயற்ற யானைக்கன்றை வளர்த்த பொம்மன், பெள்ளி இருவரைப் பற்றிய படம் 2023இல் ஆஸ்கர் பரிசு பெற்றபோது, பழங்குடியினரின் காட்டறிவை உலகமே கைதட்டிப் பாராட்டியது. அக்காப்பகத்தின் உட்பகுதியிலிருந்தோ, குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று கணக்கிட்டு மக்களை இடம்பெயர்த்தனர். ஒப்புதல் பெற்றே செய்தோம் என்பர். பள்ளியும் பாதையும் மறுக்கப்பட்ட இடத்திலே பெறும் ஒப்புதலின் எடை என்ன?

"புலி அழியட்டுமா?" என்று கேட்பர். அழியக்கூடாது, காவல் வேண்டும், கள்ளவேட்டைக்குத் தண்டனை வேண்டும். நாம் மறுப்பது, புலியும் பழங்குடியும் ஒரே காட்டில் வாழ முடியாது என்ற தீர்ப்பை. கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலே சோளகருக்கு 2011இல் காட்டின்மீது சமூக உரிமை வழங்கப்பட்டது. அவர்கள் அங்கேயே இருந்தனர். 2010க்கும் 2014க்கும் இடையே எடுத்த கணக்கிலே புலிகள் கூடியே இருந்தன. காட்டுவாசிகளின் உரிமையை ஏற்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் உரியதுதான். அதைச் செயலாக்கும் கைகள்தாம் தயங்குகின்றன.

விடுமுறைக்கு முதுமலை செல்லும் தோழர்கள் வண்டியிலே ஏறியதும், "புலி எங்கே?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். இந்தப் பாதையோரம் முன்னர் குடியிருந்தவர் யார், இன்று அவர் எங்கே என்பதையும் கேட்கட்டும்.