விடுமுறையும் வெறுங்கரையும்

விடுமுறைக்குக் கடற்கரையொன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பாதையை விசாரிக்கிறோம், செலவைக் கணக்கிடுகிறோம், பருவத்தை ஆராய்கிறோம். அந்தக் கரை யாருடைய வாழ்விடம் என்று மட்டும் கேட்பதில்லை.

ஓய்வை நாடுவது குற்றமன்று. ஊதியத்துடன் கூடிய விடுமுறை மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையில் கூறுகிறது. ஆனால், வாகரையின் கடற்றொழிலாளிக்கு விடுமுறை என்றால் வருவாயற்ற நாள். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாரியில் அவனுக்கு வாய்ப்பது ஓய்வன்று, பட்டினி.

ஆளரவமற்ற கரையை நாம் அழகு என்கிறோம். வாகரையில் அந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 2004இல் ஆழிப்பேரலை குடில்களை அள்ளிச் சென்றது. 2006இலும் 2007இலும் போர் மக்களை ஊரைவிட்டே துரத்தியது. போர் முடிந்த 2009இன் பின்னர், தெற்கேயுள்ள பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழுந்தன.

தொலைவிலும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டில் தாகித்தித் தீவைச் சொர்க்கமென்று ஐரோப்பா புகழ்ந்தது. அதே பொலினீசியத் தீவுக்கூட்டத்தில் 1966 முதல் 1996 வரை பிரான்சு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. குடிமக்களைக் காண மறுக்கும் கண்ணுக்குச் சொர்க்கமும் வெற்று நிலந்தானே!

வாகரைக்குப் போகலாகாது என்பதன்று நமது வாதம். போவோம், உரிமையாளராக அன்று, விருந்தினராக. தோணி ஏற்றும் துறையையும் வலை உலர்த்தும் மணலையும் பறித்து எழுப்பப்படும் விடுதியில் தங்க மறுப்போம். நமது ஓய்வு உரிமையானால், வலையிழுத்துக் களைத்தவனின் ஓய்வும் உரிமையே.