அசல்

குள்ளஞ்சாவடியில் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் புதுப்பிக்க வந்தவர் முதலில் கழற்றி எறியச் சொன்னது முன்சக்கரத்துப் புஷ் ஒன்றை. இந்த ஊர் லேத்தில் கடைந்தது. "அசல் இல்லை சார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம்" என்றார்.

அசல் எது? ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1959இல் கவென்ட்ரியில் பிறந்தது. பக்கத்துக்கு ஒரு கதவு. நான்கு கதவு வண்டி அங்கே செய்யப்படவேயில்லை. 1960களின் இறுதியில் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலைதான் அதைச் செய்தது. அப்பாவின் வண்டிக்கு நான்கு கதவு. அசலிலிருந்து விலகியதாலேயே அது தானாயிற்று. லேத்காரர் செய்ததும் அந்த விலகலின் தொடர்ச்சியே என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாட்டிவிடலாமா? இல்லை. டீசல் எஞ்சினை வைத்துவிட்டு ஹெரால்ட் என்று சொல்லிக்கொள்வது பொய். ஆனால் இடைப்பட்ட ஐம்பது வருஷம் நடக்கவேயில்லை என்று காட்டுவதும் பொய்தான், கௌரவமான பொய். பழுதுபார்ப்பவன் பழுதை ஒப்புக்கொள்கிறான். புதுப்பிப்பவன் மறைக்கிறான்.

புஷ் தேய்ந்திருந்தது உண்மை. அதே லேத்துக்கு எடுத்துப்போனேன். கடைந்தவர் இல்லை, மகன் இருந்தார். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது எங்கப்பா வேலை" என்றார். அதை முன்னால் வைத்துக்கொண்டு புதியதைக் கடையத் தொடங்கினார்.