ராஜா விழுந்த கால்

பணம் போடுவதற்கு முன்னால் பேங்க் கட்டடத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்கிறோமே, எதற்கு? தூண் பெருசா இருந்தா வாக்கும் கெட்டியா இருக்கும் என்று மனசு போடுகிற கணக்கு அது.

சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிற ஸ்டேட் பேங்க் கட்டடம் 1897-ல் எழுந்தது. ஹென்றி இர்வின் மேற்பார்வை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அப்போது அது பேங்க் ஆஃப் மெட்ராஸ். 1921-ல் இம்பீரியல் பேங்க், 1955-ல் ஸ்டேட் பேங்க் என்று போர்டுதான் மாறியது. 2014-ல் தீப்பிடித்தபோதும் வெந்தது கட்டடம்தான், வாக்கு இல்லை.

அதே ஊரில் அர்பத்நாட் கம்பெனியும் இருந்தது. 1906 அக்டோபரில் திவால். அங்கே ஒரு செங்கல்கூட விழவில்லை. நம்பிப் போட்டவர்கள்தான் விழுந்தார்கள். அந்த அடியில்தான் 1907-ல் இந்தியன் பேங்க் பிறந்தது.

அப்படியானால் நம்பிக்கை எங்கேதான் இருக்கிறது?

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் வழியில் தென்காசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கோயிலைக் கட்டியவன் பதினைந்தாம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன். பின்னால் வந்து இதைக் காக்கப்போகிறவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்தான். கோபுரம் பிளந்து பல தலைமுறை மொட்டையாக நின்றது உண்மை. ஆனால் காக்க ஆள் வந்தார்கள். 1990-ல் அது மறுபடி எழுந்து நின்றது.

கட்டுகிறவன் வாக்குக் கொடுக்கிறான். காப்பாற்றுவது யாரோ. சாயங்காலம் கணக்கு நேராகும்வரை வீட்டுக்குக் கிளம்பாத கேஷியர் பெயரை எந்தக் கல்லிலும் வெட்டுவதில்லை.

ராஜா விழுந்தது அந்த மாதிரி ஆளின் காலில்தான்.