சிறுத்தையும் பொறுமையும்



வண்டலூர் மிருகக்காட்சிச் சாலை நமக்கு அந்நியமான இடமல்ல. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் கிழக்கே போனால் போய்ச் சேருகிற ஊர்தான். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப்போகாத குடும்பம் நம்மில் எத்தனை? 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அங்கே சிங்கங்கள் உலாவும் வேலிக்குள் விடப்பட்ட ஒரு சிங்கம், மாலையில் தன் கூட்டுக்குத் திரும்பவில்லை. ஊழியர்கள் குழு குழுவாகப் பிரிந்து தேடினார்கள். இரவில் ட்ரோன்களைப் பறக்கவிட்டுத் தேடினார்கள். சுற்றிலும் வேலி இருக்கிறது, சிங்கமோ வேலிக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் அகப்படவில்லை. இரண்டொரு நாளைக்குப் பின் அது தானாகவே தன் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது. தேடினவர்களை நான் பரிகாசம் செய்யவில்லை. வேலி கட்டிய இடத்திலேயே இப்படியென்றால், வேலியே இல்லாத மலையிலும் காட்டிலும் இப்படிப்பட்ட மிருகத்தைத் தேடுகிறவன் பாடு எப்படியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க தேசத்து மலைகளில் பூமா என்றொரு பெரிய பூனை உண்டு. அதை அந்நாட்டார் மலைச்சிங்கம் என்கிறார்கள். வேட்டைக்காரர் நாய்களோடு பனியில் அதன் அடிச்சுவட்டைப் பிடித்து நாள்கணக்காய் நடப்பார்கள். சுவடு கிடைக்கும், அது தின்று மீதிவைத்த மான் கிடைக்கும், மிருகம் மாத்திரம் கண்ணில் படாது. நம் தேசத்தில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது சிறுத்தை.

ஜிம் கார்பெட் துரையின் பெயரை உங்களில் படித்தவர்கள் கேட்டிருப்பீர்கள். வடக்கே இமயமலைச் சாரலில், கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் யாத்திரை போகிற வழியில், ருத்திரப்பிரயாகை என்னும் ஊரைச் சுற்றி 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை மனிதரைக் கொன்று தின்றது. சர்க்கார் கணக்கில் 125 பேர். 1918-ம் ஆண்டு விஷக்காய்ச்சலில் ஜனங்கள் கும்பல் கும்பலாய் மாண்டபோது, பிரேதங்களைத் தகனம் செய்ய ஆளில்லாமல் பள்ளத்தாக்கில் போட்டதனால் அந்த மிருகத்துக்கு மனித மாமிசம் பழகிப்போயிற்று என்பது கார்பெட்டின் அபிப்பிராயம். பொழுது சாய்ந்தால் அந்த மலைக்கிராமங்களில் ஒரு கதவும் திறந்திராது. அதைக் கொல்லுகிறவருக்கு 10,000 ரூபாயும் இரண்டு கிராமங்களும் வெகுமதி என்று சொல்லியிருந்தார்கள். அப்படியும் எட்டு வருஷம் அது ஒருவர் கைக்கும் அகப்படவில்லை.

கார்பெட் 1925-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். துப்பாக்கி சுடுவதில் கைதேர்ந்தவர், காட்டைப் புஸ்தகம் போல் படிக்கத் தெரிந்தவர். அவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். செத்த உடலில் விஷம் வைத்தார்கள். அது விஷத்தைத் தின்றும் சாகவில்லை. கனத்த இரும்புப் பொறி வைத்தார்கள், பயனில்லை. அலகநந்தா ஆற்றைக் கடந்துதான் அது இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வர வேண்டும் என்று கணக்கிட்டு, தொங்குபாலத்துத் தூணின் உச்சியில் ஏறி, குளிர்காற்றில் 20 இரவு உட்கார்ந்திருந்தார். அந்த 20 இரவும் பாலத்தைக் கடந்துபோன உயிர்ப்பிராணி எது தெரியுமா? ஒரே ஒரு நரி!

20 இரவு விழித்திருந்து ஒரு நரியைக் கண்ட மனிதனின் மனதை இராச்சிஃப்டு வேலை பார்க்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் களைத்துப்போய், அந்த வருஷம் வெறுங்கையோடு மலையிறங்கிவிட்டார். இறங்கினது குற்றமல்ல. களைத்த கை குறி தவறும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு மறுபடியும் வந்தார். குலாப்ராய் என்னுமிடத்தில் யாத்திரிகர் தங்கும் சாவடியண்டையில் ஒரு மாமரத்தில் ஏறி, கீழே கழுத்தில் மணி கட்டிய ஆட்டைக் கட்டிவைத்து, இரவுக்கு இரவு காத்திருந்தார். 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு, இருட்டில் ஆட்டின் மணி சலசலத்தது. கைவிளக்கை அழுத்தி ஒரே தடவை சுட்டார். பொழுது விடிந்து பார்த்தால், 125 உயிரைக் குடித்த அந்த மிருகம், மயிர் நரைத்துப் பல் தேய்ந்த ஒரு கிழட்டுச் சிறுத்தை. ஆட்டுக்கு ஒரு கீறலுமில்லை.

அர்ச். இராயப்பர் பசாசைக் கர்ச்சிக்கிற சிங்கத்துக்கு ஒப்பிட்டு நமக்குப் புத்தி சொல்லியிருக்கிறார். நம் காலத்தில் அது சிறுத்தையைப் போலத்தான் வருகிறதென்று எனக்குத் தோன்றுகிறது. சத்தமே போடுவதில்லை. செல்போனில் சீட்டாட்டமாக 100 ரூபாயில் ஆரம்பித்து, சம்பளப் பணத்தை முழுதும் தின்றபிறகுதான் வீட்டாருக்கு அடிச்சுவடு தெரிகிறது.

நிற்க. கார்பெட் காலம் போய்விட்டது. 1972-ம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் சிறுத்தையையும் புலியையும் நினைத்தபடி சுட முடியாது. கூடியமட்டும் உயிரோடு பிடிக்கவே பார்க்கிறார்கள். உயிரோடு பிடிப்பதற்குச் சுடுவதைக் காட்டிலும் பத்து மடங்கு பொறுமை வேண்டும். மயக்க ஊசி துப்பாக்கிக் குண்டைப்போல் தூரம் போகாது, கிட்டே நெருங்கவேண்டும். ஊசி பட்டவுடன் மிருகம் விழுந்துவிடுவதுமில்லை. மருந்து ஏறுவதற்குள் புதரில் மறைந்துவிடும். 2021-ல் நீலகிரியில் டி-23 என்று எண்ணிட்ட புலியைத் தேடியதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கும்கி யானைகள், மோப்ப நாய்கள், ட்ரோன்கள், காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர் எல்லோருமாக 21 நாள் தேடினார்கள். சுட்டுத் தொலையுங்கள் என்று ஒரு பக்கம் கூச்சல்; கொல்ல அவசரப்படாதீர்கள் என்று உயர்நீதிமன்றம். முதல்நாள் இரவு ஊசி பட்டும் தப்பிய புலி, அக்டோபர் 15-ந் தேதி மசினகுடிப் பக்கம் பிடிபட்டது. காயங்களுக்கு மருந்திட மைசூருக்குக் கொண்டுபோனார்கள். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் காணப்பட்ட சிறுத்தைக்கோ கூண்டுகள் வைத்தார்கள், காமிராக்கள் வைத்தார்கள். கூண்டுகள் காலியாகவே கிடந்தன. எல்லாத் தேடலும் கைகூடும் என்று நான் சொல்லவரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கோயமுத்தூர்ச் சம்பவம். 2022 ஜனவரியில் குனியமுத்தூரை அடுத்த பி.கே. புதூரில் பழைய குடோன் ஒன்றில் ஒரு சிறுத்தை புகுந்துகொண்டது. குடோன் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்: இருட்டு, மூலை முடுக்கு, சாமான். உள்ளே போய் விரட்டினால் ஆளைக் கிழிக்கும், அல்லது ஊருக்குள் ஓடும். வனத்துறையார் என்ன செய்தார்கள்? வெளியே வருகிற வழிகளில் கூண்டுகளை வைத்து, இறைச்சியும் தண்ணீரும் வைத்து, உள்ளே நடப்பதைக் காமிராவில் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்தார்கள். கூட்டம் கூடவிடவில்லை, மேளம் கொட்டவில்லை. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் நள்ளிரவில், அது தானாக நடந்துவந்து கூண்டுக்குள் நுழைந்தது. பிறகு அதைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கூண்டு சிறைச்சாலையல்ல, வீட்டுக்குத் திரும்புகிற வண்டி.

தாய்மாரே, இதை நான் ஏன் இவ்வளவு விஸ்தாரமாய்ச் சொல்லுகிறேன் என்று உங்களில் சிலர் இதற்குள் யூகித்திருப்பீர்கள். “சாமி, மகன் பூசைக்கு வருவதில்லை, வீட்டில் சாப்பிடுவதுமில்லை, கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுகிறான்” என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். பிள்ளை வீட்டிலிருந்து 10 அடி தூரத்தில் அறைக்குள் இருக்கிறான், ஆனால் அவனைக் காணோம்! நாம் என்ன செய்கிறோம்? மேளம் கொட்டுகிறோம். சித்தப்பாவைக் கூப்பிடுகிறோம், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அவமானப்படுத்துகிறோம், ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் பழைய கணக்கை எடுக்கிறோம். அவன் இன்னும் உள்மூலைக்குப் போகிறான். இறைச்சியும் தண்ணீரும் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருப்பது சோம்பல் அல்ல. அதுவே அங்கே செய்ய வேண்டிய வேலை. சோற்றை மூடிவையுங்கள். ராத்திரி எந்நேரம் வந்தாலும் “சாப்பிட்டாயா?” என்ற ஒரு கேள்வியை மாத்திரம் கேளுங்கள்.

அர்ச். மோனிக்கம்மாளும் முதலில் மேளம் கொட்டினவள்தான். மகன் அகுஸ்தீன் மனிக்கேயருடைய பதிதத்தில் விழுந்தபோது, அவனைத் தன் வீட்டுப் பந்தியில் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றாள். பின்பு சேர்த்துக்கொண்டாள். மகனோடு வாதாடும்படி ஒரு மேற்றிராணியாரை நச்சரித்தபோது, அவர் இப்போது வேண்டாம், அவனுக்காக வேண்டிக்கொள் என்று சொல்லியனுப்பினார். கார்த்தாகோ துறைமுகத்தில் அவள் அர்ச். சிப்பிரியான் கோவிலில் இராமுழுவதும் ஜெபித்துக்கொண்டிருக்க, மகன் பொய் சொல்லிவிட்டு இருட்டோடு இருட்டாகக் கப்பலேறிப் போய்விட்டான். சிறுத்தை இதைவிடச் சாமர்த்தியமாய்த் தப்புமா? அவள் அழுதாள், பிறகு கடல்கடந்து மிலான் நகர்வரை பின்னாலேயே போனாள். 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் ஓஸ்தியா ஊரில் மோனிக்கம்மாள் மரித்தாள். அவள் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தது சில மாதங்கள்தான்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். பொறுமை என்ற பெயரில் எல்லாவற்றையும் விழுங்கச் சொல்லுகிறவர்கள் உண்டு. ருத்திரப்பிரயாகையின் ஜனங்கள் சிறுத்தை சாகும்வரை இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். யாரும் அவர்களைப் பொறுமையில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனுக்காக ஜெபிக்கிற மனைவி, முதலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பத்திரமான வீட்டுக்குப் போகட்டும், அங்கேயிருந்தும் ஜெபிக்கலாம். பேசின கூலியைக் கொடுக்காத காண்டிராக்டரிடம், பிடித்துக்கொண்ட பி.எப். பணத்தைக் கட்டாதவரிடம் வாய்மூடி இருப்பது புண்ணியமல்ல. அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் முன்மாரி பின்மாரிக்குக் காத்திருக்கும் குடியானவனைப் பொறுமைக்கு மாதிரியாகக் காட்டுகிறார். அதற்குச் சற்று முன்னால்தான், வேலைக்காரரின் கூலியை நிறுத்திவைத்த ஐசுவரியவான்களைக் கடிந்துகொள்கிறார். இரண்டையும் ஒரே அதிகாரத்தில் எழுதினார் என்பதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

நம் பகுதியில் காத்திருப்போர் கூட்டம் பெரிது. நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் பயிற்சித் தொழிலாளர், நல்ல வரனுக்குக் காத்திருக்கும் பெண்கள், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டபோது வேலையிழந்து புதிதாகத் தொடங்கியவர்கள். இவர்களில் பலரிடம் பாலத்துத் தூணில் உட்கார்ந்தவனுடைய களைப்பை நான் காண்கிறேன். சேசுநாதர் கெனசரேத் ஏரிக்கரையில் நின்றபோது, அப்போஸ்தலர்களும் இராமுழுதும் வலைவீசி ஒரு மீனும் அகப்படாமல் வலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஆண்டவர் சோம்பேறிகள் என்று திட்டவில்லை. அவர்களுடைய காலிப் படகிலேயே ஏறி உட்கார்ந்தார். களைத்தவர்கள் இறங்கி இளைப்பாறுங்கள், கார்பெட்டும் இறங்கினார். உபவாசமும் நீண்ட ஜெபமும் முடியாத நாளில், கம்பெனி பஸ் ஜன்னலோரத்தில் ஒரு அருள்நிறை மந்திரம் போதும்.

இம்மாதம் புதன்கிழமைதோறும் மாலை ஜெபமாலைக்குப் பின், வீட்டைவிட்டு மனதால் விலகினவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். யாருக்காக என்று பெயர் எழுதித்தர வேண்டியதில்லை. மனதுக்குள் சொன்னால் போதும். சனிக்கிழமைகளில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் வசதிக்காக, கோவிலின் பக்கவாசல் நள்ளிரவு 12 மணிவரை திறந்திருக்கும். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர்கள் பங்களா மணியை அடிக்கலாம், நான் விழித்திருப்பேன். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக வருகிறவர்களை ஒன்றும் கேட்கவேண்டாம் என்று கோவில்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு