முக்காடும் நிய்யத்தும்

செயலின் மதிப்பு அதன் நிய்யத்தைப் பொறுத்தது என்பது நாம் சிறு வயதிலேயே ஓதியறிந்த பாடம். தொழுகைக்கும் நோன்புக்கும் உரிய இவ்விதி, பெண் தலையில் இடும் முக்காட்டிற்கும் உரியதன்றோ? ஈரானியப் பெண்மணி மர்ஜான் சத்ராபியின் இளமை நினைவு நூலைப் படித்து முடித்தபின் இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை.

'பெர்செபோலிஸ்' என்னும் அந்நூல் 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் கதை சொல்லும் அந்நூலின் முதல் அத்தியாயமே முக்காட்டைப் பற்றியதுதான். ஆண்டு 1980. மர்ஜானுக்கு வயது பத்து. பள்ளிக்கு முக்காடிட்டு வரவேண்டும் என்று ஆணை பிறக்கிறது. ஏன் என்பது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. ஒருத்தி புழுக்கம் தாளாமல் கழற்றுகிறாள். வேறு சிலர் முக்காடுகளை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கித் தாண்டிக் குதிக்கிறார்கள். பொருள் உரைக்கப்படாத துணி, அவர்கள் கையில் வெறும் துணியாகவே இருந்தது.

பெரியவர்களுக்கோ அத்துணியில் பொருள் மிகுந்திருந்தது. 1936இல் மன்னர் ரிஸா ஷா முக்காட்டைத் தடை செய்தார். காவலர் தெருவில் அதைப் பறித்தனர். மானத்திற்கு அஞ்சிய பெண்கள் பலர் வீட்டை விட்டு வெளிவரவே இல்லை. 1978இல் அவர் மகனின் ஆட்சியை எதிர்த்த ஊர்வலங்களில், முன்பு முக்காடிடாத பெண்களும் சாதர் அணிந்து நடந்தனர். அன்று அது உரிமைக் கொடியாயிற்று. 1983இல் அதுவே தண்டனைச் சட்டத்துள் புகுந்தது. 2022இல் முக்காட்டு விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்ட மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண் காவலில் மயங்கி வீழ்ந்து, மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது பெண்கள் தம் முக்காடுகளைத் தீயிலிட்டனர். துணி மாறவில்லை, அதன்மேல் படிந்த கைகளே மாறின.

மர்ஜானின் வாழ்விலும் இம்மாற்றத்தைக் காண்கிறோம். பதினான்கு வயதில் வியன்னா செல்கிறார்; அங்கே முக்காடு இல்லை. ஆயினும் கன்னிமார் நடத்திய விடுதியில், தலைமூடிய துறவிப் பெண்மணி ஒருவரே ஈரானியரைப் பண்பற்றவர் என்று இழித்துரைக்கிறார். தலையை மூடுவதாலோ திறப்பதாலோ மட்டும் உள்ளம் உயர்ந்துவிடுவதில்லை!

நாடு திரும்பியவர் கலைக் கல்லூரியில் சேர விரும்புகிறார். அங்கே கொள்கைத் தேர்வு நடத்திய ஆலிம், வெளிநாட்டில் முக்காடிட்டாயா என வினவுகிறார். இல்லை என்று மர்ஜான் ஒளிவின்றிக் கூறுகிறார். பொய்யுரைக்காத அந்நேர்மைக்காகவே அவர் தேர்ச்சி பெறுகிறார். பின்னர், மாணவியர் முக்காடு நீளவேண்டும் என்று சொல்லப்பட்ட கூட்டத்தில், மாணவரின் இறுக்கமான உடைக்கு மட்டும் விதி இல்லையா என்று எழுந்து கேட்கிறார். விசாரணைக்கு அழைக்கப்படுகிறார். அங்கிருந்தவர் அதே ஆலிம். தண்டிக்கவில்லை, மாணவியருக்கு ஏற்ற உடையை நீயே வரைந்து கொடு என்கிறார். நூலில் நம் நெஞ்சைத் தொட்ட பெரியவர் இவரே.

அம்மாணவி கேட்டது புதிதன்று. பார்வையைத் தாழ்த்துமாறு சூரா அந்நூரின் 30ஆம் வசனம் முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது. பெண்களுக்குரியது அதன் பின்னரே வருகிறது. இவ்வரிசையை நம் வீடுகளில் எத்தனை முறை தலைகீழாக்கியிருக்கிறோம்?

பிள்ளைகளைப் பழக்குவதும் நிர்ப்பந்தம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. பழக்குபவர் காரணம் சொல்கிறார், தாமும் ஒழுகிக் காட்டுகிறார், மனம் கனியும்வரை பொறுக்கிறார். நிர்ப்பந்திப்பவரோ கீழ்ப்படிதலைப் பெற்றதும் நின்றுவிடுகிறார். நிய்யத் அவருக்குத் தேவைப்படுவதில்லை. முக்காட்டைப் பறித்த மன்னரும் அதைத் திணித்த ஆட்சியாளரும் இங்கே ஒன்றுபடுகின்றனர். இருவருமே பெண்ணின் தலையைப் பார்த்தனர், நெஞ்சைக் கேட்கவில்லை.

இறைவனுக்காக விரும்பி அணியும் முக்காடு வணக்கமாகிறது. அச்சத்தால் அணிவது அச்சுறுத்தியவரின் அடையாளமே. நம் மகள் "ஏன்?" என்று கேட்கும் நாளில் அதட்டாமல், அருகமர்த்தி விடை சொல்வோம். அவள் அணிவது எதுவாயினும், அதன் பொருள் அவள் உள்ளத்தில் பிறந்ததாக இருக்கட்டும்.