கண்டவர் யார்?



பெப்ரவரி மாதத்துத் தெளிந்த நடுநிசியில் திம்புள்ளயில் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். மக நட்சத்திரம் தலைக்கு மேலே நிற்கும். அதற்குத் தெற்கே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு விண்மீன் மண்டலம் உண்டு. என்.ஜி.சி. 3115 என்பது அதன் இலக்கம். அதன் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் செல்லும்.

இதனை வில்லை வடிவ மண்டலம் என்பர். இலத்தீனில் 'லென்ஸ்' என்றால் நாம் அன்றாடம் கறிவைக்கும் மைசூர்ப் பருப்புத்தான். கண்ணாடி வில்லைக்கு அப்பெயர் பின்னரே வந்தது. நடு தடித்து ஓரம் மெலிந்த அதே வடிவம். புதிய விண்மீன்கள் பிறப்பதற்கான வாயு பெரும்பாலும் தீர்ந்துபோன முதிய மண்டலம் அது.

1787 பெப்ரவரி 22-ம் திகதி இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் இதைக் கண்டுபிடித்தார் என்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். 20 அடி நீளத் தொலைநோக்கியில் கண்வைத்தபடி அவர் கூவிச் சொல்வார். தங்கை கரோலின் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். பகலில் அவற்றைக் கணக்கிட்டுப் பிரதி எடுப்பவரும் அவரே. அந்தப் பெப்ரவரியில் இதற்காக அவருக்குச் சம்பளம் கிடையாது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேதான் அரசர் வருடத்துக்கு 50 பவுண் கொடுக்கத் தொடங்கினார்.

அப்படியானால் கண்டவர் யார்? கண்ணாடியைத் தம் கையாலே தேய்த்துச் செய்த வில்லியத்தின் புகழைப் பறிக்க நான் வரவில்லை. எனினும், இன்னொருவர் போய்த் திரும்பவும் காணும்படி எழுதி வைக்கப்படாத காட்சி, மேகம் மூடியதும் தொலைந்துபோகும். எழுதிய கைக்கும் அதில் பங்குண்டு.

'ஆண்டவர் அறிவார், அது போதும்' என்று எம்மைப் போன்ற குருக்கள் சொல்லிவிடுவது எளிது. உழைத்தவள் தனக்குத் தானே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். கூலி கொடுக்க வேண்டியவன் சொல்லலாகாது.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது பெயர் மட்டுமல்ல, ஒருநாள் சம்பளமும் அதுவே. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் நம் பெண்களுக்கு 1984-ல்தான் கிடைத்தது. வருட ஆரம்பத்து வரண்ட குளிரில் விளையும் சிறந்த தேயிலை திம்புள்ள என்ற பெயரோடு கடல் கடந்து போகிறது. பறித்தவளின் பெயரோ செக்ரோலோடு நின்றுவிடுகிறது.

தமையன் 1822-ல் இறந்தபின், அவர் கண்ட 2,500 வான்பொருள்களையும் கரோலின் ஒழுங்குபடுத்தி அட்டவணை எழுதினார். 1828-ல் இலண்டன் வானியற் கழகம் அதற்காகப் பொற்பதக்கம் அளித்தபோது அவருக்கு வயது 77. வில்லியத்தின் மகன் ஜோன், தகப்பன் கண்டவற்றை மறுபடியும் தேடியபோது, கையில் வைத்திருந்தது அத்தையின் அந்த அட்டவணையைத்தான்.